கையெழுத்தின் விலை: உலகக் கால்பந்து நிர்வாகமும் கையூட்டும்

உலகக் கால்பந்தை ஆளும் ஃபிஃபா என்னும் சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பு, சட்டத்தின் பார்வையில், இன்றும் ஒரு சங்கமே. 1904 மே மாதத்தில் பாரிஸ் நகரில் ஐரோப்பாவின் ஏழு நாடுகளைச் சேர்ந்த அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய இந்தக் கூட்டமைப்பு, 1932இல் தன் அலுவலகத்தைச் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்கு மாற்றிக்கொண்டது. அந்நாட்டு உரிமையியல் சட்டத்தின் 60ஆம் பிரிவும் அதைத் தொடரும் பிரிவுகளும் வகுத்துள்ள சங்கம் என்னும் வடிவமே அதன் சட்ட வடிவம் ஆயிற்று. ஊர்ப் பாடகர் குழுவுக்கும் மலையேறுவோர் மன்றத்துக்கும் உரிய அதே வடிவம் அது. எழுதப்பட்ட விதிகளும் ஒரு நிர்வாகக் குழுவும் இருந்தாலே அத்தகைய சங்கம் உயிர்பெற்றுவிடும். பங்குதாரர் எவரும் இல்லாததால் கணக்குக் கேட்கும் உரிமையோடு வெளியிலிருந்து எவரும் வந்து நிற்க முடியாது. போட்டி நுழைவுச்சீட்டு வருமானத்தில் ஒரு சிறு பங்கை வாங்கிக்கொண்டு ஒருசில ஊழியர்களோடு இயங்கிய அமைப்புக்கு இந்த ஏற்பாடு பொருத்தமாகவே இருந்தது. பின்னாளில் கோடிக்கணக்கான டாலர் அதன் வழியே பாயத் தொடங்கியபோதும் வடிவம் மாறவில்லை. கால்பந்துத் தலைமைக்குள் கையூட்டு ஓர் அன்றாட வழக்கமாக வேரூன்றிய வரலாறு, மன்றத்தின் உடையை அணிந்த பெருவணிகத்தின் வரலாறு. தனிமனிதரின் பேராசை அதில் உண்டு என்றாலும், அந்தப் பேராசைக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்த ஏற்பாட்டை விளங்கிக்கொள்ளாமல் அதனை விளங்கிக்கொள்ள இயலாது.

1961 முதல் 1974 வரை தலைவராக இருந்த இங்கிலாந்தின் ஸ்டான்லி ரௌஸ், முன்னாள் பள்ளி ஆசிரியர். 1934ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கோப்பை இறுதிப்போட்டியின் நடுவர். ஆட்டத்தின் விதிகளை 1938இல் செம்மையாகத் திருத்தி எழுதியவர். பண விஷயத்தில் அவர்மீது எவரும் குறை சொன்னதில்லை. ஆனால், உலகின் தெற்குப் பகுதி நாடுகளைப் பொறுத்தவரை அவருடைய ஆட்சி அநீதியானது. 1966 உலகக்கோப்பையின் 16 இடங்களில் ஆப்பிரிக்காவுக்கென்று உறுதியான ஓர் இடம்கூட ஒதுக்கப்படாததால் ஆப்பிரிக்க நாடுகள் தகுதிச்சுற்றைப் புறக்கணித்தன. நிறவெறி ஆட்சியின் கீழிருந்த தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் சங்கத்தின் மீது 1961இல் விதிக்கப்பட்ட இடைநீக்கத்தை, 1963இல் ரௌஸ் நேரில் சென்று பார்த்துவந்த பிறகு ஃபிஃபா விலக்கிக்கொண்டது. ஆப்பிரிக்க, ஆசிய உறுப்பினர்களின் எதிர்ப்பால் மறு ஆண்டே அதை மீண்டும் விதிக்க நேர்ந்தது. பின்னால் நிகழ்ந்த ஊழலைச் சொல்லும்போது இந்த மனக்காயத்தை விட்டுவிட்டுச் சொல்வது நேர்மையாகாது. ஆப்பிரிக்காவும் ஆசியாவும் 1974இல் கேட்டவை நியாயமானவை. அந்த நியாயத்தை எவர் கையில் எடுத்தார் என்பதில்தான் துயரம் இருக்கிறது.

அதைக் கையில் எடுத்தவர் பிரேசிலின் ஜோவாவ் ஹாவலாஞ். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நீச்சல் வீரராகப் பங்கேற்றவர்; பிரேசில் மூன்று முறை உலகக்கோப்பையை வென்ற காலத்தில் அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவர். ஃபிஃபாவின் பேரவையில், அதாவது எல்லா உறுப்பு நாடுகளும் கூடும் பொதுக்குழுவில், இங்கிலாந்துக்கும் ஒரு வாக்கு, சில ஆயிரம் பேர் வாழும் தீவுக்கும் ஒரு வாக்கு என்னும் விதியின் பொருளை முதலில் முழுமையாக உணர்ந்தவர் அவர். நாடு நாடாகச் சென்று, உலகக்கோப்பையின் அணிகளை 24 ஆக உயர்த்துவதாகவும், இளையோருக்குத் தனி உலகப்போட்டி நடத்துவதாகவும், பயிற்சியாளர்களையும் மருத்துவர்களையும் அனுப்புவதாகவும் வாக்களித்தார். 1974 ஜூன் 11 அன்று ஃபிராங்ஃபர்ட் நகரில் நடந்த தேர்தலின் இரண்டாம் சுற்றில் 68க்கு 52 என்ற கணக்கில் ரௌஸைத் தோற்கடித்தார். வாக்குறுதிகளில் பெரும்பாலானவை நிறைவேறின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: 1977இல் துனீசியாவில் இளையோர் போட்டி நடந்தது, 1982இல் உலகக்கோப்பை 24 அணிகளாக விரிந்தது.

இவற்றுக்கெல்லாம் தேவைப்பட்ட பணம் ஃபிஃபாவிடம் இல்லை. அதைத் திரட்டிக் கொடுத்தவர் அடிடாஸ் காலணி நிறுவனத்தை நிறுவியவரின் மகனான ஹார்ஸ்ட் தாஸ்லர். விளையாட்டு வீரரின் காலில் காலணியை ஏற்றுவதைக் காட்டிலும் விளையாட்டு அமைப்பின் தலைவரை நண்பராக்கிக்கொள்வது லாபகரமானது என்று கண்டவர் அவர். எந்த நாட்டு நிர்வாகி எதை விரும்புகிறார், எவருக்கு எவர் பகை என்பதையெல்லாம் குறித்துவைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இருந்தது. அவரும் லண்டன் விளம்பரத்துறையைச் சேர்ந்த பேட்ரிக் நாலியும் சேர்ந்து 1970களின் நடுவில் கோக்க-கோலா நிறுவனத்தை ஃபிஃபாவின் புரவலராகக் கொண்டுவந்தனர். அதற்கு முன்பு, மைதானத்தைச் சுற்றி நிற்கும் விளம்பரப் பலகைகளை அந்தந்த மைதானத்துக்காரர்களே உள்ளூர்க் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் விற்றுவந்தார்கள். புதிய ஏற்பாட்டில், மைதானங்கள் எந்த விளம்பரமும் இல்லாமல் துடைத்து ஒப்படைக்கப்பட வேண்டும். பலகைகள், சின்னம், பெயர் ஆகிய அனைத்தும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு, ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நிறுவனம் என்ற கணக்கில், உலகப் பெருநிறுவனங்கள் சிலவற்றுக்கு மட்டும் விற்கப்படும். இந்த மூட்டைக்கு வந்த பெயர்தான் ‘உரிமை’. தொலைக்காட்சியில் ஆட்டத்தைக் காட்டும் அனுமதி ஒளிபரப்பு உரிமை. பலகையும் சின்னமும் விளம்பர உரிமை. கண்ணால் காண முடியாத இந்தச் சரக்கே அதன் பிறகு கால்பந்தின் முதன்மையான சொத்தாக ஆயிற்று.

இந்தச் சரக்கை விற்பதற்கென்றே 1982இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் தாஸ்லர், ஜப்பானின் டென்ட்சு விளம்பர நிறுவனத்தைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, ‘இன்டர்நேஷனல் ஸ்போர்ட் அண்ட் லெஷர்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் சுருக்கப் பெயர் ஐ.எஸ்.எல்.; இந்தியாவில் இப்போது நடக்கும் அதே பெயர்ச்சுருக்கம் கொண்ட கால்பந்துத் தொடருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஃபிஃபாவிடமிருந்து உரிமைகளை மொத்தமாக வாங்கி உலகெங்கும் சில்லறையாக விற்பது அந்நிறுவனத்தின் தொழில். தாஸ்லர் 1987இல் தம் 51ஆம் வயதில் இறந்தபோதிலும் அவர் போட்ட பாதையில் நிறுவனம் தொடர்ந்து நடந்தது.

கையூட்டு எங்கே நுழைகிறது என்பதை இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். நெல்லுக்கும் பருத்திக்கும் சந்தையில் ஒரு விலை உண்டு; உலகக்கோப்பையின் ஒளிபரப்பு உரிமைக்கு அப்படிப்பட்ட விலை எதுவும் கிடையாது, ஏனென்றால் விற்பவர் ஒருவரே, சரக்கும் நான்கு ஆண்டுக்கு ஒன்றே. வெளிப்படையான ஏலம் நடந்தால் விலை தானாகத் தெரிந்துவிடும். ஏலம் நடவாமல் தலைவரும் அவருக்கு நெருக்கமான சிலரும் அறைக்குள் பேசி முடிக்கும்போது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைப்பட்ட தொகை முழுவதும் தரகரின் லாபம் ஆகிறது. அந்த லாபத்தின் ஒரு துண்டைக் கையெழுத்திட்டவருக்கே திருப்பிக் கொடுப்பது தரகருக்குச் செலவே இல்லை. அடுத்த ஒப்பந்தமும் தனக்கே வரும் என்பதற்கான காப்புத்தொகை அது. இழப்பவர் யார் என்று கேட்டால், ஆட்டக்காரரும் பார்வையாளரும் ஓர் உதைபந்துகூட வாங்க முடியாத ஊர்களின் சிறுவர் சிறுமியரும்தான். ஆனால், அந்த அறைக்குள் அவர்கள் சார்பில் உட்கார்ந்திருந்தவரின் கைதான் நீண்டிருந்தது.

விலைகள் எப்படி ஏறின என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 1990, 1994, 1998 ஆகிய மூன்று உலகக்கோப்பைகளின் ஒளிபரப்பு உரிமையை ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் தலைமையிலான பொதுத்துறை ஒளிபரப்பாளர்கள் 34 கோடி சுவிஸ் பிராங்குக்குப் பெற்றிருந்தார்கள். 2002, 2006 ஆகிய இரண்டே கோப்பைகளின் உரிமையை 1996இல் ஐ.எஸ்.எல்.லும் ஜெர்மனியின் கிர்ச் நிறுவனமும் பெற்றபோது அதன் தொகை 280 கோடி பிராங்க். அந்த ஒப்பந்தத்துக்குச் சில மாதங்கள் கழித்து, 1997 மார்ச்சில், ஐ.எஸ்.எல். தரப்பிலிருந்து 15 லட்சம் பிராங்க் ஃபிஃபாவின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அது சேர வேண்டிய பெயர் ஹாவலாஞ். தனியார் கணக்குக்குப் போக வேண்டிய தொகை தவறுதலாக அமைப்பின் கணக்குக்கு வந்துவிட்டது. அப்போது பொதுச்செயலாளராக இருந்த செப் பிளாட்டருக்கு இது தெரியவந்தது. பணம் அமைப்பில் தங்கவில்லை, விசாரணையும் எழவில்லை. 16 ஆண்டுகள் கழித்து ஃபிஃபாவின் நெறிமுறைக் குழு நீதிபதி இதை ஆராய்ந்து, பிளாட்டரின் நடத்தை சாமர்த்தியமற்றதாக இருந்திருக்கலாமே தவிர விதிமீறல் அன்று என்று முடித்தார். ஒரு நிறுவனத்தின் தலைவருக்கு அதன் வாடிக்கையாளர் அனுப்பிய பெருந்தொகை கண்முன்னே வந்து போகும்போது எழ வேண்டிய கேள்வி எழாமல் போனது, அங்கே அது புதிய காட்சியாக இருக்கவில்லை என்பதையே காட்டுகிறது.

இரகசியம் உடைந்தது காவல்துறையின் முயற்சியால் அன்று, தரகரின் பேராசையால். 1999இல் ஆடவர் டென்னிஸ் சங்கத்தோடு பத்து ஆண்டுகளுக்கு 120 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் செய்து கால் இடறிய ஐ.எஸ்.எல்., 2001இல் திவாலானது. திவாலான நிறுவனத்தின் கணக்கேடு கடன்கொடுத்தவர்களுக்காகத் திறக்கப்பட்டே ஆக வேண்டும். 2008இல் ஸுக் நகர நீதிமன்றத்தில் அதன் முன்னாள் நிர்வாகிகள் ஆறு பேர் மீதான வழக்கு நடந்தபோது, 1989க்கும் 2001க்கும் இடையில் விளையாட்டு அமைப்புகளின் தலைவர்களுக்கு 13.8 கோடி சுவிஸ் பிராங்க் கொடுக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. லிக்டென்ஸ்டைனில் ஓர் அறக்கட்டளை, கரீபியன் தீவில் ஒரு பெயரளவு நிறுவனம், அங்கிருந்து ரொக்கமாகவோ வேறொரு பெயரிலோ பணம் என்று வழி அமைந்திருந்தது. இந்தத் தொகைகளைக் கொடுக்காமல் ஒப்பந்தங்களே கிடைத்திரா என்பது நிர்வாகிகளின் வாதம். வாங்கியவர்கள் மீது லஞ்சக் குற்றம் சாட்டப்படவில்லை. காரணம், தனியார் அமைப்பின் பொறுப்பாளர் வணிகத் தொடர்பில் லஞ்சம் வாங்குவதை அக்காலச் சுவிஸ் சட்டம் குற்றமாகவே கருதவில்லை. 2006இல் முறையற்ற வணிகப் போட்டிச் சட்டத்தின் கீழ் ஓரளவுக்கும், 2016இல்தான் குற்றவியல் சட்டத்தின் கீழ் முழுமையாகவும் அது குற்றம் ஆக்கப்பட்டது. இனிய ஏரிக்கரைகளில் உலக விளையாட்டு அமைப்புகள் பல குடியேறியிருந்த ஒரு நாட்டில், அவற்றின் தலைவர்களைத் தொடக்கூடிய சட்டம் அவ்வளவு காலம் எழுதப்படாமலே இருந்தது.

ஆனால், ஸுக் நகர அரசு வழக்கறிஞர் மற்றொரு வழியைக் கண்டார். ஐ.எஸ்.எல். கொடுத்த தரகுத்தொகை உண்மையில் ஃபிஃபாவுக்குச் சேர வேண்டிய பணம், அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டவர்கள் தம் அமைப்புக்கு நம்பிக்கைத்துரோகம் செய்தவர்கள் என்ற அடிப்படையில் ஹாவலாஞ் மீதும், அவருடைய முன்னாள் மருமகனும் பிரேசில் கால்பந்துத் தலைவருமான ரிக்கார்டோ தெய்ஷெய்ரா மீதும், உள்ளமைப்புக் குறைபாட்டுக்காக ஃபிஃபாவின் மீதுமே விசாரணை நடத்தினார். 55 லட்சம் பிராங்க் ஈட்டுத்தொகை செலுத்தப்பட்டதன் பேரில் 2010 மே மாதத்தில் அது கைவிடப்பட்டது. கைவிடும் ஆணையை வெளியிடக் கூடாது என்று சம்பந்தப்பட்டவர்கள் நீதிமன்றங்களில் போராட, பொதுநலன் கருதி வெளியிட வேண்டும் என்று பத்திரிகையாளர்கள் எதிர்நின்றார்கள். 2012 ஜூலையில் சுவிஸ் உச்ச நீதிமன்றம் பத்திரிகையாளர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. தெய்ஷெய்ரா 1992க்கும் 1997க்கும் இடையில் குறைந்தது 1 கோடியே 27 லட்சம் பிராங்க் பெற்றதும், ஹாவலாஞ் பெற்ற 15 லட்சமும் அந்த ஆவணத்தில் பதிவாகியிருந்தன. தன் உறுப்புகளில் இருந்தவர்களுக்கு லஞ்சம் தரப்பட்டது ஃபிஃபாவுக்குத் தெரிந்தே இருந்தது என்பதில் ஐயம் இல்லை என்றும் அது சொன்னது.

அந்த ஆவணத்தில் மற்ற எண்களைவிட நெஞ்சைச் சுடும் பகுதி ஒன்று உண்டு. பணத்தை ஃபிஃபா ஏன் திருப்பிக் கேட்கவில்லை என்ற வினாவுக்கு, தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் அத்தகைய தொகைகள் பெரும்பாலோரின் வழக்கமான வருமானத்தின் பகுதியே என்ற பொருள்பட அமைப்பின் வழக்கறிஞர்கள் வாதிட்டதாக அது குறிப்பிடுகிறது. 1974இல் ஆப்பிரிக்காவின் தன்மானத்தைப் பேசி ஆட்சிக்கு வந்த தலைமை, முப்பதாண்டு கடந்து, அதே மக்களின் மேல் தன் கறையைத் துடைத்தது. கூலிக்கு உழைத்து, ஞாயிற்றுக்கிழமை மண் மைதானத்தில் ஆடும் கோடிக்கணக்கான மனிதர்களின் பெயரில் சொல்லப்பட்ட இந்த வாதத்தைக் காட்டிலும் இழிவான ஒன்றைக் கால்பந்தின் நிர்வாக வரலாற்றில் காண்பது அரிது.

1998 ஜூன் 8 அன்று பாரிஸில், ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரான லென்னார்ட் யோஹான்சனை 111க்கு 80 என்று வென்று பிளாட்டர் தலைவரானார். அவர் காலத்தில் பணம் நடந்த வழி சற்று மாறியது. 1999 முதல் ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் நான்கு ஆண்டில் 10 லட்சம் டாலர் உதவித்தொகையும், ‘கோல்’ என்ற திட்டத்தின் வழியே மைதானமும் அலுவலகமும் கட்டப் பணமும் வழங்கப்பட்டன. பல ஏழை நாடுகளுக்கு இவை மெய்யாகவே உதவின. செயற்கைப் புல்தரை, பயிற்சி நிலையம் முதலியவை எழுந்தன. ஆயினும், உதவி பெறுபவரே வாக்காளர், உதவி தருபவரே வேட்பாளர் என்ற நிலையில், கணக்கு கறாராகக் கேட்கப்படாத உதவிக்கும் வாக்குக்குக் கொடுத்த விலைக்கும் இடையிலான கோடு மங்கிப்போனது. 2002இல் பொதுச்செயலாளர் மிஷெல் ஸென்-ருஃபினென் நிதிச் சீர்கேடுகளைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றைச் செயற்குழுவின் முன் வைத்தார், செயற்குழு உறுப்பினர் 11 பேர் குற்றப் புகாரே கொடுத்தார்கள். சில வாரங்களில் பிளாட்டர் சியோல் நகரில் 139க்கு 56 என்று மீண்டும் வென்றார், புகார் கைவிடப்பட்டது, பொதுச்செயலாளர் பதவி இழந்தார்.

உதவிப்பணம் எப்படித் தனிச்சொத்தாக மாறக்கூடும் என்பதற்கு டிரினிடாட் தீவில் ஒரு கட்டடம் சான்றாக நிற்கிறது. வட, மத்திய அமெரிக்க, கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான கான்ககாஃபின் தலைவராக 1990 முதல் 2011 வரை இருந்தவர் ஜாக் வார்னர். ஹாவலாஞ்சின் பெயரைத் தாங்கிய உயர்பயிற்சி நிலையம் ஒன்றை ஏறத்தாழ 2.6 கோடி டாலர் கூட்டமைப்புப் பணத்தில் அவர் எழுப்பினார். அது நின்ற நிலம் வார்னரின் நிறுவனங்களுக்குச் சொந்தமானது என்பதை 2013இல் கான்ககாஃப் அமைத்த நேர்மைக் குழு கண்டறிந்து அறிவித்தது. அவரோடு பொதுச்செயலாளராக இருந்த அமெரிக்கரான சக் பிளேஸர், கூட்டமைப்பின் வருமானத்தில் பத்து விழுக்காட்டைத் தரகாகப் பெறும் ஒப்பந்தத்தைத் தமக்கென்று வைத்திருந்தார். 2011 மே மாதத்தில், பிளாட்டரை எதிர்த்துத் தலைவர் தேர்தலில் நின்ற கத்தாரின் முகம்மது பின் ஹம்மாம் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரின் விடுதி ஒன்றில் கரீபியன் சங்கங்களின் பிரதிநிதிகளைச் சந்தித்தபோது, ஒவ்வொருவருக்கும் 40,000 டாலர் ரொக்கம் கொண்ட உறை கொடுக்கப்பட்டது. சிலர் அந்தப் பணத்தை ஏற்க மறுத்து வெளியே சொன்னதால் செய்தி பரவியது. நேர்மையாளர் சிலராவது எல்லா நாடுகளிலும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பின் ஹம்மாம் வாழ்நாள் தடைக்கு உள்ளானார். விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் சான்று போதாதென்று 2012இல் அதை நீக்க, வேறு விதிமீறல்களின் பேரில் அவ்வாண்டின் இறுதியிலேயே மீண்டும் தடை வந்தது. அவருக்கு நெருக்கமானவராக அறியப்பட்ட, ஃபிஃபா செயற்குழுவில் அமர்ந்த இலங்கையரான மணிலால் பெர்னாண்டோவும் 2013இல் வாழ்நாள் தடை பெற்றார்.

இத்தனை நடக்கும்போது அந்தந்த நாட்டு அரசுகள் என்ன செய்தன என்ற கேள்வி எழும். உறுப்பு நாட்டின் கால்பந்துச் சங்கத்தில் அரசோ வேறு வெளியாரோ தலையிட்டால் அந்த நாடே இடைநீக்கம் செய்யப்படும் என்பது ஃபிஃபாவின் விதி. சர்வாதிகார அரசுகளிடமிருந்து விளையாட்டைக் காக்க இது தேவையான விதிதான். ஆனால், ஊழல் செய்யும் நிர்வாகிக்கும் அது அரணாகப் பயன்பட்டது, ஏனெனில் அவர்மேல் கை வைத்தால் நாட்டின் அணியே ஆட முடியாமல் போகும். 2022 ஆகஸ்டில், தேர்தல் நடத்தாமல் காலம் கடந்த அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை நிர்வகிக்க இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு குழுவை அமர்த்தியதைக் காரணம் காட்டி ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்து, ஏறத்தாழ பத்து நாள் கழித்து விலக்கிக்கொண்டதில் இந்த விதியின் வலிமையை இந்திய ரசிகர்கள் நேரடியாக உணர்ந்தார்கள்.

தென் அமெரிக்காவில் இந்த அரண் சட்டமாகவே எழுந்தது. அக்கண்டத்தின் கூட்டமைப்பான கான்மெபோலின் தலைமையகம் பராகுவே நாட்டின் லூக்கே நகரில் உள்ளது. தூதரகத்துக்கு ஒப்பாக, காவல்துறை நுழைய முடியாத பாதுகாப்பை 1997இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதற்கு வழங்கியிருந்தது. 1986 முதல் 2013 வரை அங்கே தலைவராக இருந்தவர் நிக்கோலாஸ் லேயோஸ். லூசெர்னில் தாஸ்லர் நடத்திய தொழிலைப் பிரேசிலில் நடத்தியவர் முன்னாள் விளையாட்டு நிருபரான ஜோசே ஹாவில்யா. அவருடைய ‘டிராஃபிக்’ நிறுவனம் கோப்பா அமெரிக்கா என்னும் கண்டக்கோப்பையின் உரிமையை வாங்கி விற்றுவந்தது. அமெரிக்க வழக்காவணங்களின்படி, 1991இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேளையில், தமக்கும் ஒரு பங்கு தரப்படாவிட்டால் கையெழுத்திட முடியாது என்று கூட்டமைப்பின் தலைவர் மறுத்தார், ஹாவில்யா கொடுத்தார், அதன் பிறகு ஒவ்வொரு கோப்பைக்கும் கொடுத்துவந்தார். ஒருமுறை தரப்பட்டது மாமூல் ஆகிவிடும் என்பது தமிழ்நாட்டில் எந்த அலுவலக வாசலில் நின்றவருக்கும் விளக்காமலே புரியும்.

அந்த மாமூலின் இறுதி வடிவம் 2013இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் தெரிகிறது. டிராஃபிக்கும் அர்ஜென்டினாவின் இரண்டு நிறுவனங்களும் போட்டியைத் தவிர்க்க ஒன்றுசேர்ந்து ‘தாத்தீசா’ என்ற கூட்டு நிறுவனத்தை உருவாக்கி, 2015, 2016, 2019, 2023 ஆகிய நான்கு கோப்பைகளின் உரிமையை 31.75 கோடி டாலருக்குப் பெற்றன. அதற்கெனப் பேசப்பட்ட கையூட்டு 11 கோடி டாலர். அதில் 10 கோடி தென் அமெரிக்கத் தலைவர்களுக்கு, கையெழுத்துக்கு 2 கோடி, ஒவ்வொரு கோப்பைக்கும் 2 கோடி என்று ஐந்து தவணையில். ஒவ்வொரு தவணையும் எப்படிப் பிரியும் என்பதும் வகுக்கப்பட்டிருந்தது: கூட்டமைப்புத் தலைவர், பிரேசில், அர்ஜென்டினா சங்கத் தலைவர்கள் ஆகிய மூவருக்கும் ஆளுக்கு 30 லட்சம், மற்ற ஏழு நாட்டுத் தலைவர்களுக்கு ஆளுக்கு 15 லட்சம், பதினோராவது அலுவலருக்கு 5 லட்சம். சம்பளப் பட்டியலைப் போன்ற இந்த ஒழுங்குதான் அச்சமூட்டுகிறது. உரிமைத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பணம், அந்தக் கண்டத்தின் குழந்தைகளுக்குச் சேராமல், பத்துப் பன்னிரண்டு பேரின் கணக்குக்குப் போகத் திட்டமிடப்பட்டது. பிடிபடுவதற்கு முன்பே குறைந்தது 4 கோடி டாலர் போய்ச் சேர்ந்தும்விட்டது.

உலகம் அதிகம் பேசியது 2010 டிசம்பர் 2 அன்று நடந்த வாக்கெடுப்பைப் பற்றி. 2018 உலகக்கோப்பை ரஷ்யாவுக்கும், 2022 உலகக்கோப்பை இறுதிச்சுற்றில் அமெரிக்காவை 14க்கு 8 என்று முந்திய கத்தாருக்கும் சென்றன. 24 பேர் கொண்ட செயற்குழுவில் 22 பேரே வாக்களித்தார்கள். மற்ற இருவர், லண்டன் செய்தித்தாள் ஒன்றின் மறைமுகப் புலனாய்வில் சிக்கி முன்னமே இடைநீக்கம் பெற்றிருந்தனர். கத்தாருக்கு வாக்களிக்கத் தெய்ஷெய்ராவும் லேயோஸும் பணம் பெற்றதாக 2020இல் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். கத்தார் அதைத் தொடர்ந்து மறுத்துவருகிறது. இந்த வாக்கெடுப்பை ஆராய ஃபிஃபாவே அமர்த்திய வழக்கறிஞர் மைக்கேல் கார்சியா, தம் அறிக்கை 42 பக்கச் சுருக்கமாக மட்டும் வெளியிடப்பட்டதை எதிர்த்து 2014 டிசம்பரில் விலகினார். முழு அறிக்கை 2017இல், ஜெர்மன் நாளேடு ஒன்றின் கைக்குப் போன பிறகே, வெளியிடப்பட்டது.

உறையை உடைத்தது இறுதியில் அமெரிக்க வருமான வரித்துறை. ஆண்டுக்கணக்கில் வரி கட்டாதிருந்த பிளேஸர், சிறையைத் தவிர்க்க அரசுக்குச் சாட்சியாகி, 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது சக நிர்வாகிகளின் பேச்சை மறைத்துவைத்த கருவியில் பதிவு செய்தார். டாலரில் நடந்த பரிமாற்றம் அமெரிக்க வங்கிகளின் வழியே சென்றதால் அந்நாட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடைத்தது. இத்தாலிய மாஃபியாக் கும்பல்களை ஒடுக்க 1970இல் இயற்றப்பட்ட சட்டம், அதாவது தனித்தனிக் குற்றங்களை ஒரே கூட்டின் தொடர்செயலாகக் காட்டித் தண்டிக்க உதவும் சட்டம், கால்பந்து நிர்வாகத்தின்மேல் பிரயோகிக்கப்பட்டது. 2015 மே 27 விடியற்காலையில் சூரிக் நகரின் பௌர் ஓ லாக் விடுதியில் சுவிஸ் காவலர்கள் ஏழு பேரைக் கைது செய்தபோது, விடுதி ஊழியர்கள் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைப் பிடித்து அவர்களைப் படப்பிடிப்பாளர்களிடமிருந்து மறைத்தார்கள். 14 பேர் மீது 47 குற்றச்சாட்டுகள். 24 ஆண்டுகளில் 15 கோடி டாலருக்கும் மேலான கையூட்டு. அதற்கு இரண்டு நாள் கழித்து அதே நகரில் பிளாட்டர் ஐந்தாம் முறையாகத் தலைவரானார். மேலும் நான்கு நாளில் பதவி விலகுவதாக அறிவித்தார். ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த மிஷெல் பிளாட்டினிக்கு 2011இல் வழங்கப்பட்ட 20 லட்சம் பிராங்க் தொடர்பில் அவ்விருவரையும் நெறிமுறைக் குழு தடை செய்தது. அதே தொகைக்காகத் தொடுக்கப்பட்ட குற்ற வழக்கில் 2022இலும், மேல்முறையீட்டில் 2025இலும் சுவிஸ் நீதிமன்றங்கள் இருவரையும் விடுவித்தன என்பதையும் பதிவு செய்வது முறை. புரூக்ளின் நீதிமன்றத்தில் 2017இல் நடந்த விசாரணையில் பிரேசிலின் ஜோசே மரியா மரின், பராகுவேயின் ஹுவான் ஆங்கெல் நாப்பூத் ஆகியோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று, பலர் விசாரணைக்கு வராமலே குற்றத்தை ஒப்புக்கொண்டனர், ஹாவில்யா 15.1 கோடி டாலரைப் பறிகொடுக்க உடன்பட்டார். பராகுவே நாடாளுமன்றம் லூக்கே தலைமையகத்தின் பாதுகாப்பை 2015இலேயே நீக்கிவிட்டது.

2016 பிப்ரவரியில் ஜியான்னி இன்ஃபான்டினோ தலைவரானார். செயற்குழுவுக்குப் பதில் 37 பேர் கொண்ட மன்றம், தலைவருக்கு 12 ஆண்டு உச்சவரம்பு, ஊதியத்தை வெளியிடும் கடமை ஆகியவை விதிகளில் நுழைந்தன. உலகக்கோப்பை நடக்கும் நாட்டைப் பேரவையே தேர்வு செய்யும் முறை 2013இலேயே ஏற்கப்பட்டிருந்தது. அறைக்குள் 22 பேர் முடிவு செய்ததை 200க்கும் மேற்பட்ட சங்கங்கள் வெளிப்படையாக முடிவு செய்வது மெய்யான முன்னேற்றமே. ஆயினும், 2017 மே மாதத்தில் பஹ்ரைனின் மனாமா நகரில் கூடிய பேரவைக்கு முன்னால், நெறிமுறைக் குழுவின் இரு பிரிவுகளுக்கும் தலைமை வகித்தவர்கள் மறுநியமனம் இல்லாமல் நீக்கப்பட்டார்கள். நூற்றுக்கணக்கான விசாரணைகள் நிலுவையில் இருப்பதாக அவர்கள் அப்போது சொன்னார்கள். ஒரு சங்கத்தின் நீதிபதியை அதே சங்கத்தின் தலைமை நியமித்து நீக்கும் ஏற்பாடு 1932இன் சட்ட வடிவத்திலிருந்து வருவது; அது மாறவில்லை.

குற்றவாளிகளிடமிருந்து பறிமுதல் செய்த பணத்தில் 20.1 கோடி டாலர் வரை, ஊழலால் பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் ஃபிஃபாவுக்கும் கான்ககாஃபுக்கும் கான்மெபோலுக்கும் திருப்பித் தரப்படும் என்று 2021 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை அறிவித்து, முதல் தவணையாக 3.23 கோடி டாலரை விடுவித்தது. ஃபிஃபாவின் அறக்கட்டளையின் கீழ் ஒரு நிதியமாக அதை வைத்துக் கால்பந்து வளர்ச்சிக்குச் செலவிடுவது என்பது ஏற்பாடு. லஞ்சம் தரப்பட்டதை அமைப்பு அறிந்தே இருந்தது என்று 2010இல் ஸுக் நகர ஆணை எழுதியது எந்த அமைப்பைப் பற்றியோ, அதே அமைப்பின் பெயரில்தான் இந்தப் பணமும் வந்து சேர்ந்தது.